கட்டை யார்கிட்ட

கரண்ட்காரருக்கு உடம்பு சரியாகிவிட்டது என்று தெருவே சொல்லிக்கொண்டிருந்தது. தெருவுக்கென்ன, அவரோடு குடித்தனம் நடத்துகிறதா? வாய் கோணிக் கிடந்த மனிதர் இப்போது நேராகச் சிரிக்கிறார். இழுத்து இழுத்து வைத்த கால் ஒழுங்காக நடக்கிறது. டீக்கடையில் நின்று பழையபடி நாலு பேரைக் கிண்டல் செய்கிறார். பார்க்கிறவர்களுக்கு அது போதும். கரண்ட்காரம்மாவுக்குத்தான் போதவில்லை.

கரண்ட்காரம்மா என்றால் அவர் மனைவி. அவளுக்கும் கரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, பல்பு மாற்றக்கூடப் பயப்படுவாள். தையல் கம்பெனியிலிருந்து சட்டைகளை மூட்டையாக வாங்கிவந்து வீட்டிலேயே உட்கார்ந்து பட்டன் கட்டிக் கொடுப்பது அவள் வேலை. ஊரில் பாதி வீட்டுக்கு வயர் இழுத்தவரின் பெண்டாட்டி என்பதால் தெரு வைத்த பெயர் அது, ஒட்டிக்கொண்டது.

அன்றைக்குக் காலையில் மழை விட்டிருந்தது. விட்டு என்ன பயன், சுவரெல்லாம் ஊறிப்போய்த் தொட்டால் ஜில்லென்றது. கொடியில் போட்ட துணி போட்டபடியே தொங்கியது. கரண்ட்காரர் கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"உப்பு போட மறந்துட்டியா?"

"மறக்கலைங்க. உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்காங்க. பிரஷர் இருக்கில்ல."

"யாருக்குப் பிரஷர்?"

"உங்களுக்குத்தான்."

"எனக்குப் பிரஷர் வர்ற மாதிரி நீ என்னிக்குப் பேசியிருக்க? பேசினதெல்லாம் நான்தானே. வந்தா உனக்கில்ல வரணும்."

அவள் சிரித்துவிட்டாள். இந்த மனிதரிடம் இதுதான் தொல்லை. நொடிக்கு நொடி பழைய ஆளாக வந்து நிற்பார். இவருக்கா குறை, நமக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்க வைத்துவிடுவார். அவள் ஊசியில் நூலைக் கோத்து ஒரு பட்டனைக் கட்டி முடிப்பதற்குள் அவர் மறுபடியும் கிண்ணத்தை எடுத்தார். ஒரு வாய் குடித்தார்.

"ஏம்மா, உப்பு போட மறந்துட்டியா?"

அவளுக்குச் சிரிப்பு அப்படியே வற்றிப்போனது. இல்லைங்க, போட்டிருக்கேன் என்று சொல்லிவிட்டாள். அவரும் தலையை ஆட்டிவிட்டுக் குடித்தார். பிறகு உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். ஏற்கெனவே போட்டிருந்த சட்டைக்கு மேலேயே இன்னொன்று. அவள் எழுந்து போய் மேல் சட்டையைக் கழற்றி, அடிச் சட்டையின் காலரைச் சரிசெய்து விட்டாள். அவரை வேலைக்குக் கூட்டிப்போக வரும் மாப்பிள்ளையின் பைக் சத்தம் வாசலில் கேட்பதற்குள் செய்துவிட வேண்டும் என்று அவள் விரல்கள் பரபரத்தன.

மாப்பிள்ளைக்குத் தெரியக்கூடாது. இத்தனை மாதமாக அவள் கட்டிக் காத்தது அதைத்தான்.

பக்கவாதத்தின் முதல் அடி விழுந்தது போன வருஷம், முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது. அதெல்லாம் ஊருக்கே தெரியும். மழைக்காலம் தொடங்கும் முன்னால் மறுபடி ஸ்கேன் எடுத்து, அதன் முடிவைக் கேட்க அவள் தனியாகப் போனதுதான் யாருக்கும் தெரியாது. சின்ன வயது டாக்டரம்மா, பொறுமையாகத்தான் சொன்னாள்.

"மூளைக்குள்ள போற சின்னச் சின்ன ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கும்மா. முதல்ல வந்தது பெருசு, எல்லாருக்கும் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் சின்னச் சின்னதா வந்திருக்கு, உங்களுக்கே தெரியாம. கை கால் தேறிடும். ஆனா யோசிக்கிறது, ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா ஒரு வேலையைச் செய்யறது, அதெல்லாம் அடி வாங்கும். கொஞ்ச நாள் அப்படியே இருப்பாரு, திடீர்னு ஒரு படி இறங்குவாரு. மறுபடி கொஞ்ச நாள் அப்படியே இருப்பாரு."

"மாத்திரை இருக்கில்லம்மா?"

"பிரஷரையும் சர்க்கரையையும் கட்டுக்குள்ள வெச்சா அடுத்த படியைத் தள்ளிப் போடலாம். இறங்கின படியை ஏத்த முடியாதும்மா."

"வேலைக்குப் போறாரு."

"என்ன வேலை?"

கரண்ட் வேலை என்று அவள் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்குக் கூடமாட ஒத்தாசை என்றாள். டாக்டரம்மா அவள் முகத்தையே பார்த்தாள். "அடுத்தவங்க உயிர் அவர் கையில இருக்கற மாதிரி எதுவும் குடுத்துடாதீங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து மகளிடமும் மாப்பிள்ளையிடமும் அவள் சொன்னது வேறு. வயசாச்சில்ல, கொஞ்சம் மறதி இருக்கும்னாங்க, அவ்வளவுதான். ஏன் அப்படிச் சொன்னாள்? வீட்டில் சும்மா கிடந்த மாதங்களில் அந்த மனிதர் எப்படி இருந்தார் என்று அவளுக்குத்தானே தெரியும். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காரணமே இல்லாமல் அழுவார், கல்யாணமான நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் பார்த்தறியாத கண்ணில் பொலபொலவென்று வரும். மாப்பிள்ளை ஒருநாள், "சும்மா வந்து போர்டுகிட்ட உக்காருங்க மாமா, எனக்கும் ஆள் வேணும்" என்று கூட்டிக்கொண்டு போனான். அன்று சாயங்காலம் அழுக்குச் சட்டையோடு உள்ளே வந்தவர், டீ போடச் சொல்லி அதட்டினார். அந்த அதட்டலைக் கேட்க அவள் எத்தனை நாள் ஏங்கியிருந்தாள். அதை எப்படிப் பிடுங்கிக்கொள்வாள்?

போர்டுகிட்ட உட்காருவது என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். பழைய கட்டடங்களில் மெயின் போர்டில் வெள்ளைப் பீங்கானில் வரிசையாக பியூஸ் கட்டைகள் இருக்கும். வேலை செய்கிற பக்கத்துக் கட்டையைப் பிடுங்கிவிட்டால் அந்தப் பக்கம் கரண்ட் போய்விடும். பிடுங்கிய கட்டையைப் போர்டு மேல் வைக்கக்கூடாது, யாராவது வழியோடு போகிறவர்கள் எடுத்து மாட்டிவிடுவார்கள். பிடுங்கியவர் அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போர்டுக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டும். வீட்டுக்காரர் கத்தினாலும் கொடுக்கக்கூடாது. ஏணியில் இருப்பவன் வெறும் கம்பியில் கை வைக்கும் முன்னால் ஒவ்வொரு தடவையும் மேலேயிருந்து கூப்பிடுவான்: "கட்டை யார்கிட்ட?" கீழேயிருந்து பதில் வர வேண்டும்: "என்கிட்ட." பதில் வந்தால்தான் கை வைப்பான். டெஸ்டர் எதற்கு இருக்கிறது என்று கேட்பீர்கள். வேலை தொடங்கும்போது டெஸ்டர் வைத்துப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு கீழே இருப்பவரின் வாய்தான் டெஸ்டர். இந்த வழக்கத்தை மாப்பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்ததே கரண்ட்காரர்தான்.

பைக் வந்து நின்றது. மாப்பிள்ளை வாசலிலேயே நின்று தலைக்கவசத்தைக் கழற்றினான். குழந்தை பிறந்து இரவெல்லாம் தூக்கம் கெட்ட முகம்.

"பாப்பா எப்படியிருக்கா?" என்றாள் அவள்.

"ராத்திரி பூரா ஒரே கச்சேரி அத்தை. உங்க பொண்ணு காலையிலதான் கண்ணை மூடினா. மாமா ரெடியா?"

"இன்னிக்கு எங்க வேலை?"

"பக்கத்துலதான், பெண்கள் விடுதி. மாடிச் சுவரைத் தொட்டா ஷாக் அடிக்குதாம். மழைத்தண்ணி வயர் போற பைப்புக்குள்ள இறங்கியிருக்கும். பழைய வயரையெல்லாம் உருவிட்டுப் புதுசா இழுக்கணும்."

"ஈரச் சுவரா?"

"ஈரச் சுவர்தான்."

சொல்லிவிடலாம், இதோ இப்போது, ஒரு வாக்கியம். "மாப்ளே" என்றாள்.

"சொல்லுங்க அத்தை."

பின்னாலிருந்து கரண்ட்காரர் வந்துவிட்டார். "என்ன மாமியாரும் மருமகனும் ரகசியம்? எனக்குத் தெரியாம சொத்தை எழுதி வாங்கறீங்களா? இருக்கறது ரெண்டு ஏணி, ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க." மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான். "பாத்தீங்களா அத்தை, மாமா என்னமா இருக்காரு" என்றான். அவளும், "பார்த்துப் போங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவள் கட்டிய பட்டன் ஒவ்வொன்றும் கோணல்தான். பிரித்துப் பிரித்துக் கட்டினாள். வெளியே மறுபடி தூறல் பிடித்தது. வெயில் தெரியாததால் பொழுது எவ்வளவு போனது என்றும் புரியவில்லை. கதவு திறந்த சத்தம் கேட்டு நிமிர்ந்தால், கரண்ட்காரர் தலையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருகிறார்.

"ஒரு டீ போடும்மா. பசிக்குது, ரொட்டி இருந்தா குடு."

"என்னங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க? மாப்ளை எங்க?"

"எந்த மாப்ளை?"

அவள் எழுந்துவிட்டாள். மடியிலிருந்த பட்டன்கள் தரையெல்லாம் சிதறின. "காலையில உங்களைக் கூட்டிட்டுப் போனாரே. வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது, முடிஞ்சுது. அங்க யாரையும் காணோம். நானும் எவ்வளவு நேரம் சும்மா உக்கார்றது, வந்துட்டேன்." ரொட்டியை எடுத்துத் தானே வெண்ணெய் தடவ ஆரம்பித்தார். கை நடுங்காமல் அழகாகத் தடவினார்.

அவள் அவருடைய சட்டைப் பையில் கைவிட்டுப் பார்த்தாள். ஒரு பையில் கைக்குட்டை. இன்னொரு பையில் மாப்பிள்ளையின் செல்போன், ஏணியில் ஏறும்போது மாமாவிடம் கொடுத்துவிட்டு ஏறுவான். கட்டை இல்லை. பேன்ட் பையிலும் இல்லை. "என்னம்மா, பிக்பாக்கெட்டா? நேரா கேட்டா குடுக்க மாட்டேனா?" என்றார்.

"கட்டையை எங்க வெச்சீங்க?"

"எந்தக் கட்டை?"

"பியூஸ் கட்டைங்க. பிடுங்கினீங்களே."

"நான் எதையும் பிடுங்கலையே."

அவளுக்கு என்ன தோன்றியதோ, மாப்பிள்ளை கூப்பிடுகிற மாதிரியே குரலை உயர்த்திக் கேட்டாள்: "கட்டை யார்கிட்ட?"

"என்கிட்ட" என்றார் கரண்ட்காரர். ரொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெண்ணெய்க் கத்தி நிற்கவில்லை. தும்மினால் கண் மூடுகிற மாதிரி அந்தப் பதில் தானாக வந்தது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. விடுதியின் போன் நம்பர் தெரியாது. மாப்பிள்ளையின் போனோ இங்கே கிடக்கிறது. இவரை வீட்டில் விட்டுவிட்டு ஓடலாமென்றால், கேஸ் அடுப்பைத் திறந்துவைத்துவிட்டுத் தீப்பெட்டி தேடிய மனிதர் இவர். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. கட்டையை எங்கே வைத்தார் என்று சொல்லவும் இவரை விட்டால் ஆளில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அப்படியே தெருவில் இறங்கினாள். செருப்புப் போடக்கூட நிற்கவில்லை.

"எங்கம்மா போறோம்?"

"விடுதிக்கு."

"டீ?"

"வந்து போட்டுத் தர்றேன். வேகமா வாங்க."

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"கொஞ்சம் பேசாம வாங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் பேசாமல் வருகிற ஆளா? டீக்கடைக்காரர் கையை ஆட்டினார், இவர் நின்று பதிலுக்குக் கையை ஆட்டினார். தேங்கிய தண்ணீரைச் சுற்றிக்கொண்டுதான் வருவேன் என்றார். மின்கம்பம் ஒன்றைப் பார்த்துவிட்டு, இதில் இணைப்புக் கொடுத்தவன் சுத்த மடையன் என்று விளக்க ஆரம்பித்தார், விளக்கம் முழுக்கச் சரியாகவும் இருந்திருக்கும். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. தூக்கம் கெட்ட அந்த முகமும், அவனுடைய பச்சைக்குழந்தையும்தான் அவள் கண்ணில் நின்றன. பாவி நான், பாவி நான் என்று ஒவ்வொரு அடிக்கும் முணுமுணுத்தாள். ஒரு வாக்கியம் சொல்ல வாய் வராமல் பெற்ற பெண்ணின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

விடுதி வாசலில் கூட்டம் இல்லை, அழுகை இல்லை. கேட்டைத் திறந்து உள்ளே நுழைந்தபோது மாடியிலிருந்து சுவரைக் கொத்துகிற உளிச் சத்தம் கேட்டது. கொத்துகிறான் என்றால் உயிரோடு இருக்கிறான். அவள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

உளிச் சத்தம் நின்றது. மாடி ஜன்னல் வழியாக மாப்பிள்ளையின் குரல் வந்தது, கொஞ்சம் சலிப்போடு.

"மாமா, எங்க போயிட்டீங்க? எவ்வளவு நேரமா கூப்பிடறேன். கட்டை யார்கிட்ட?"

"என்கிட்ட!" என்றார் கரண்ட்காரர், அவள் பக்கத்தில் நின்றபடி, கணீரென்று.

அந்தக் கணத்தில்தான் அவளுக்குப் புரிந்தது. இவ்வளவு நேரம் பதில் வரவில்லை என்றுதான் அவன் கம்பியைத் தொடாமல் சுவரைக் கொத்திக்கொண்டிருந்திருக்கிறான். இந்த மனிதர் வீட்டில் ரொட்டி தின்றுகொண்டிருந்தவரை அவன் பத்திரமாக இருந்தான். பதிலை இழுத்துக்கொண்டு வந்து அவன் காதில் போட்டது அவள்தான்.

"இல்ல!" என்று கத்தினாள். அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "இல்ல மாப்ளே! அவர்கிட்ட இல்ல! கையை எடுங்க, எதையும் தொடாதீங்க! அவருக்குப் புத்தி சரியில்ல, அவர் சொல்றதை நம்பாதீங்க!"

விடுதி வார்டன் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அந்த அறைக்குள் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

"என்னம்மா கலாட்டா?"

"போர்டுல கட்டையை யாரு மாட்டினது?"

"பெரியவர்தான். நான் ஃபேன் வருமான்னு கேட்டேன். வேலை முடிஞ்சுது, தாராளமா போட்டுக்கங்கன்னு சொல்லி மாட்டிட்டுப் போனாரு. ஏன், முடியலையா?"

மாப்பிள்ளை படியிறங்கி வந்து அதை முழுக்கக் கேட்டான். போர்டைப் பார்த்தான், கட்டை வரிசையில் ஓர் இடம்கூடக் காலியாக இல்லை. மறுபடி மாடிக்குப் போனான். அவளும் பின்னாலேயே ஏறினாள். ஏணிக்கு மேலே சுவரைப் பிளந்து வெளியே எடுத்திருந்த செப்புக் கம்பிகள் தோல் உரித்துத் தயாராக நீட்டிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றின் நுனியில் அவன் டெஸ்டரை வைத்தான். டெஸ்டருக்குள் சிவப்பாக எரிந்தது. அவன் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"எப்பலேர்ந்து தெரியும் அத்தை?"

"மழைக்காலத்துக்கு முன்னால."

"டாக்டர் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"என்கிட்ட மறதின்னு சொன்னீங்க."

கீழே கரண்ட்காரர் வார்டனிடம் மின்விசிறி ஏன் கிறீச்சிடுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தது கேட்டது. அவர் குரல் தெளிவாக, சந்தோஷமாக இருந்தது.

"தினமும் அவர் வாயை நம்பித்தான் அத்தை ஏறினேன்" என்றான் மாப்பிள்ளை. "தினமும். உங்களுக்குத் தெரிஞ்சு, நான் ஏறினேன்."

"அவர் அழறாருப்பா. வீட்டுல உக்கார வெச்சா அழறாரு. அதைப் பார்க்க முடியல என்னால."

"உங்க பொண்ணு அழுதா பார்த்திருப்பீங்களா?"

அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "கூட்டிட்டுப் போங்க" என்றான். "சாயங்காலம் வந்து பேசறேன். இனிமே மாமா வேலைக்கு வர வேண்டாம். அதை நீங்களே சொல்லிடுங்க அத்தை, என்னால அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது."

அவள் கீழே இறங்கி வந்து அவர் கையைப் பிடித்தாள். மாப்பிள்ளை படியில் நின்று பார்த்தான், வாசல்வரை வரவில்லை. தூறல் வலுத்திருந்தது. இருவரும் ஓரமாக நடந்தார்கள். எப்படி ஆரம்பிப்பது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று அவள் தொண்டைக்குள்ளேயே புரட்டிக்கொண்டிருந்தாள். அவர்தான் முதலில் பேசினார்.

"அந்த எலக்ட்ரீசியன் பையனைப் பாத்தியா?"

"எந்தப் பையன்?"

"அதான், அங்க மாடியிலேர்ந்து இறங்கி வந்தானே. முகமே சரியில்ல. போர்டுல கட்டை மாட்டியிருக்கு, அதுகூடத் தெரியாம மேல நிக்கிறான். மறதி வந்துடுச்சு போலிருக்கு, இந்த வயசுலேயே."

அவள் நடையை நிறுத்தாமல் இருக்கப் பாடுபட்டாள்.

"நல்ல வேலைக்காரனாத்தான் தெரியறான்" என்றார் அவர். "இந்த மாதிரி விஷயத்தையெல்லாம் வெளியில சொல்லக்கூடாதும்மா. ஒருத்தருக்குத் தெரிஞ்சா போச்சு, அப்புறம் எவனும் வேலைக்குக் கூப்பிட மாட்டான். மனுஷன் உக்காந்து உக்காந்தே செத்துப்போவான். நீ யார்கிட்டயும் சொல்லிடாத."

"சொல்லிட்டேங்க" என்றாள் அவள்.

"சொல்லிட்டியா?"

"இப்பத்தான். வேற வழி தெரியல."

அவர் நின்றார். அவளைக் கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தாள். அவர் கண்களில் நீர் நிறைந்து வழிந்தது. அதைத் துடைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"சரி விடு, நீயும் என்ன பண்ணுவ" என்றார். "அவன் பொண்டாட்டியை நெனைச்சாத்தான் பாவமா இருக்கு. அவனைத் தனியா வெச்சுக்கிட்டு அவ என்ன பண்ணுவா?"